நாற்றம் அடங்கிய பிறகு

நான் வேலை பார்த்த ஆலையிலிருந்து போன மாதம் நிவேதிதா போன் செய்தாள். அங்கே இப்போது அவள்தான் கெமிஸ்ட். நான் வெளியேறுவதற்கு முன் நாலு மாதம் என்னோடு வேலை செய்தவள்.

"சார், தொட்டிகிட்ட தமிழ்ல பெரிய போர்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க. டீமல்சிஃபிகேஷனுக்குத் தமிழ்ல என்ன சார் போடறது? அகராதியில பால்மம் பிரித்தல்னு இருக்கு. நம்ம ஆளுங்ககிட்ட படிச்சுக் காட்டினா, பால் கம்பெனியாம்மா இதுன்னு கேக்கறாங்க."

சிரித்தேன். அடுத்து அவள் கேட்டதில் சிரிப்பு நின்றது.

"நீங்க ரொம்ப வருஷம் முன்னாடி தமிழ்ல ஒண்ணு எழுதி ஒட்டியிருந்தீங்களாமே. அந்த காப்பி இருக்கா சார்?"

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். அந்தக் காகிதத்தின் கரட்டுப் பிரதி என் கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட நம்புவதில்லை. ஆனால் ஆலை கொடுத்த தாளில் 'மருத்துவக் காரணங்களால் ஓய்வு' என்றுதான் இருக்கிறது. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான். செங்கல்பட்டில் வேதியியல் படித்து முடித்த மூன்றாம் மாதம், தொண்ணூறுகளின் நடுவில், திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருந்த அந்த ஆலையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். பிறகு எழுத விட்டார்கள்.

ஆலையின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறைகளில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க வெள்ளையாக ஒரு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பார்த்தால் பால் மாதிரிதான் இருக்கும். அதில் இருப்பது தண்ணீரும் எண்ணெயும். சேராத இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது சோப்பு போன்ற ஒரு பொருள். அது ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி நின்று, பக்கத்துத் துளியோடு சேரவிடாமல் காவல் காக்கும். துளிகள் சேர முடியாததால் எண்ணெய் மேலே வராது. இந்தக் கலவைதான் பால்மம். பட்டறைக்குப் பயன்பட்டு முடிந்து அழுக்கான பிறகு அது டேங்கர் லாரியில் எங்களிடம் வரும். அதை அப்படியே வெளியே விட்டால் ஏரி கெட்டுப்போகும். எண்ணெயை எடுத்தால் அடுப்பெரிக்கலாம். எடுப்பதற்கு அந்தக் காவலைக் கலைக்க வேண்டும். அமிலம் விட்டால் கலையும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது போல.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல். ஆலையில் நாங்கள் மூன்று சொற்கள் வைத்திருந்தோம். அமிலம் பட்டு வெள்ளை கலைந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் 'உடைந்தது'. எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயும் போய்விட்டால் 'பிரிந்தது'. கீழே இருக்கும் தண்ணீரின் வழியாக மறுபக்கம் பிடித்த விரல் தெரிந்தால் 'தெளிந்தது'. பதிவேட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். உடைந்ததைப் பார்த்துவிட்டுப் பிரிந்தது என்று எழுதினால் சபாபதி சார் அந்தப் பக்கத்தைத் திருப்பி நம் முன்னால் வைப்பார்.

சபாபதி சார் அப்போது தலைமை கெமிஸ்ட். சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போட்டிருப்பார். மே மாதத்திலும் அப்படித்தான். காலையில் ஒவ்வொரு லாரிக்கும் ஐந்து கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, காவலைக் கலைக்கும் மருந்தை ஒன்றைவிட ஒன்றில் கொஞ்சம் கூடுதலாக விடுவார். ஒவ்வொன்றையும் பத்து முறை தலைகீழாக்கி நிமிர்த்துவார், அவசரமில்லாமல். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அரை மணி நேரம். அந்த அரை மணியில் அவரிடம் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் பேசியதில்லை. முதல் குழாய் வெள்ளையாகவே இருக்கும். மூன்றாவதில் மேலே தேன் நிறத்தில் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும். ஐந்தாவது மறுபடி வெள்ளையாகிவிடும். மருந்து அதிகமானால், கலைந்த காவல் வேறு விதமாகத் திரும்பி வந்துவிடும்.

"எத்தனை நிமிஷம்?" என்பார்.

"முப்பது சார்."

"எழுதிக்கோங்க."

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னைப் பாராட்டிய வார்த்தை அது ஒன்றுதான்.

குழாயில் சார் கண்டுபிடித்ததைத் தொட்டியில் செய்து முடிப்பவர் தேசிங்கு. சதுரங்கப்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். கடலில் போனால் அவருக்கு வாந்தி வந்துவிடும்.

"மீன் புடிக்கற வூட்டுல பொறந்துட்டு வாந்தி எடுத்துகினு இருந்தா ஊரே சிரிக்குது மச்சான்" என்பார். "அலை மேல நிக்க முடியல. நாத்தத்து மேல நிக்கலாம்னு இங்க வந்துட்டேன்."

நாற்றம் என்று அவர் சொன்னது உண்மை. பட்டறையில் பல வாரம் கிடந்த அந்தத் தண்ணீரில் கிருமி பெருகி அழுகிய முட்டை வாடை அடிக்கும். அமிலம் விட்டதும் அதிலிருந்து வாயு கிளம்பும். ஊசி முனை அளவு இருந்தாலே மூக்கைத் துளைக்கிற வாயு அது. தேசிங்குவின் மூக்கு பெயர் பெற்றது. லாரியின் மூடி திறந்ததும் தூர நின்றே, "இது பல்சக்கரம் செய்யறான் பாரு, அவன் சரக்கு" என்பார். தப்பாது.

எனக்கு அவர் வைத்த பெயர் 'பெஞ்சு'. பள்ளிக்கூடத்துப் பெஞ்சை இன்னும் விடாதவனாம்.

"பெஞ்சு, உன் கைய காட்டு. பாத்தீங்களாடா? படிச்ச கை. எண்ணெகூட ஒட்ட மாட்டேங்குது."

அவரே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சுவரில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளைக் காட்டினார். தொட்டியை எப்படி இயக்க வேண்டும் என்று சபாபதி சார் தட்டச்சு செய்து ஒட்டியது.

"இன்னா எழுதிகீது அதுல?"

சொன்னேன்.

"இதத் தமிழ்ல எழுதேன். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்குவேன். அஞ்சாவது வரைக்கும் போயிகீறேன்."

எனக்கு அன்றிருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். என் படிப்பு ஒரு மனிதருக்குப் பயன்படப் போகிறது என்று இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. அகராதிச் சொற்களை அடித்துவிட்டு ஆலைச் சொற்களைப் போட்டேன். எட்டு வரி வந்தது. ஐந்தாவது வரியில்தான் நின்றேன். ஆங்கிலத்தில் அது இப்படி: மூடியைத் திறக்கும் முன், வாயு வெளியேறும் குழாயின் வாயில் சோதனைத்தாளைப் பிடிக்கவும்; தாள் கறுத்தால் திறக்கக் கூடாது.

அந்தத் தாள் ஆலையில் தீர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேட்டு எழுதியும் வரவில்லை. இல்லாத தாளைப் பற்றி எழுதினால் அவர்கள் சிரிப்பார்களே என்று நினைத்தேன். தேசிங்குவிடம் கேட்டேன்.

"தாள் இல்லாம நீங்க எப்படிண்ணா தெறக்கறீங்க?"

"மூக்கு எதுக்கு கீது? நாத்தம் அடங்குச்சுன்னா பால் உடைஞ்சுடுச்சு. தெறக்கலாம். இத்தினி வருசமா அப்டித்தான்."

அது உண்மையாகத்தான் இருந்தது. சாதாரணச் சரக்கில், வாயு எல்லாம் போய் முடியும் நேரமும் எண்ணெய் பிரியும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நான் எழுதினேன்: '5. நாற்றம் முழுவதும் அடங்கிய பிறகு மூடியைத் திறக்கலாம்.'

சபாபதி சாரிடம் கொண்டுபோனேன். முழுவதும் படித்தார். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியே சோதனைத்தாள் இல்லாத அலமாரியைப் பார்த்தார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார். "ஒட்டிடுங்க" என்றார்.

தேசிங்கு அந்தத் தாளைத் தினமும் படித்தார். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படிப்பார். ஐந்தாவது வரி வந்ததும் சத்தம் கூடும். அது அவர் சொன்ன வரி அல்லவா. "நம்ம பேச்சு சொவத்துல கீதுடா" என்று புதிதாக வந்தவர்களிடம் காட்டுவார்.

அந்த வருடம் தீபாவளிக்கு மூடிய பட்டறைகள் திறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. சரக்கு எங்கள் தொட்டியில் மூன்று வாரம் அப்படியே கிடந்தது. பாதி மண்ணுக்குள் இறங்கிய சிமெண்ட் தொட்டி அது. மழை விட்ட அன்று காலை பத்து மணிக்கு அமிலம் விட்டோம். காற்றே இல்லை. வாடை எழுந்தபோது எல்லாருக்கும் கண் எரிந்தது. நான் இருபதடி தள்ளி, ஆய்வகத்துக் கதவோரம் குழாய்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தே நிமிடத்தில் தொட்டி மேடையிலிருந்து தேசிங்குவின் குரல் வந்தது.

"பெஞ்சு! நாத்தம் அடங்கிடுச்சு! சுத்தமா இல்ல!"

வழக்கமாக ஒரு மணி நேரமாவது ஆகும்.

"அதுக்குள்ளவாண்ணா?"

"சத்தியமா இல்ல மச்சான்! அஞ்சாம் நம்பரு, தெறக்கட்டா?"

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை எழுதி அடித்திருக்கிறேன். அப்போது என் மூக்கில் நாற்றம் இருந்தது. நன்றாகவே இருந்தது. இருபதடி தள்ளியிருந்த எனக்கு அடிக்கிறது, மேலேயே நிற்பவருக்கு அடிக்கவில்லை. ஒரு வேதியியல் பட்டதாரி அங்கே ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். அந்த வாயு அளவுக்கு மீறிப் போனால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டது போலிருக்கும். நிற்பது வாடை அல்ல, மூக்கு. இது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

கிளம்பிய வாடை இந்தப் பக்கம் தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கையில் மூன்றாவது குழாய் இருந்தது.

"அப்ப தெறந்துடுங்கண்ணா" என்றேன்.

மூடி சிமெண்டில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, மாதிரி எடுக்கக் கம்பில் கட்டியிருந்த பாட்டில் உடையும் சத்தம். ஓடினேன். அவர் மூடித் துவாரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார். தோளும் தலையும் உள்ளே, கால் வெளியே. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். பாதி தூரம் வந்தது நினைவிருக்கிறது. எங்கள் இருவரையும் கயிறு போட்டு இழுத்தவர்கள் வேறு ஆட்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சாயங்காலம் கண் விழித்தேன். தேசிங்கு வழியிலேயே போய்விட்டார்.

மறுநாள் சபாபதி சார் வந்தார். கட்டிலருகே நின்றார், குழாய்களின் முன் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"சுவத்துல இருந்தத எடுத்துட்டேன்" என்றார். "இங்கிலீஷ் தாள் இருக்கு. அது போதும். நீங்க சின்ன வயசு. உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கு."

எனக்காகச் செய்தாரா, அவருடைய கையெழுத்துக்காகச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் தலையாட்டினேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"எழுதிவெச்ச முறை இதுதானா? வேற ஏதாவது இருந்துதா?"

"இது ஒண்ணுதான்" என்றார் சபாபதி சார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சோதனை செய்யாமல், எழுதப்பட்ட முறையை மீறித் தொழிலாளி மூடியைத் திறந்ததால்' என்று அறிக்கை முடிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தேசிங்குவின் மனைவி கன்னியம்மா ஆலைக்கு வந்தார். கணவருடைய சட்டையும் டிபன் டப்பாவும் எங்களிடம் இருந்தன. கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீதான கூட இருந்தவன். எழுதி வெச்சதக் கேக்காம தெறந்துட்டாருன்னு சொல்றாங்களே. நெசமா?"

என் வாயில் இரண்டு பதில்கள் இருந்தன. "அவசரப்பட்டுட்டாருக்கா" என்றேன்.

கன்னியம்மா தலையை அசைத்தார். டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு வாடை தெரியாது. மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாளில் திரும்பும் என்றார்கள். திரும்பவில்லை. எட்டு வருடம் அதை மறைத்து வேலை செய்தேன். மற்றவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்து நானும் சுளிப்பேன். சபாபதி சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் ஐந்து குழாய்களின் முன் நான் நின்றேன். சோதனைத்தாள் மட்டும் ஒருநாளும் தீரவிடவில்லை. ஒருநாள் மத்தியானம் நிவேதிதா ஆய்வகத்துக் கதவைத் திறந்தவள் பதறிப்போய், "சார், கேஸ்! இவ்வளவு அடிக்குது, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!" என்று சிலிண்டரை மூடினாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மேலிடத்தில் சொன்னாள், அதில்தான் எனக்கு ஓய்வு வந்தது. சொன்னது சரி. சொல்லாமல் இருந்திருந்தால் அவளும் என்னைப் போல ஆகியிருப்பாள்.

அவள் போன் செய்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். உடைந்த கோட்டைச் சுவரைத் தாண்டி நாலாவது சந்தில் வீடு. கன்னியம்மா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாடை தெரியவில்லை. வெயிலில் பளபளத்தது மட்டும் தெரிந்தது.

அடையாளம் கண்டுகொண்டார். "வா தம்பி. இன்னா, இத்தினி வருசம் கழிச்சு?"

நான் உட்காரவில்லை. நோட்டைப் பிரித்து எட்டு வரியையும் படித்தேன். ஐந்தாவது வரியை மறுபடி படித்தேன். சுவரில் இதுதான் ஒட்டியிருந்தது, எழுதியவன் நான், அவர் கேட்டபோது திறக்கச் சொன்னதும் நான், விசாரணையில் வாய் திறக்காததும் நான் என்று சொன்னேன்.

அவர் கை கருவாட்டிலேயே இருந்தது.

"எங்க, அந்த அஞ்சாவத இன்னொரு தபா படி."

படித்தேன்.

"அவரு பேச்சு மாதிரியே கீதே."

"அவர் சொன்னதுதான்க்கா. தினமும் அதைப் படிப்பாரு."

"அப்போ படிச்சுட்டுத்தான் தெறந்தாரு."

"ஆமாக்கா."

"எழுதி வெச்சத மீறல."

"மீறல."

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எம் புள்ளைய நான் இன்னா சொல்லி வளத்தேன் தெரியுமா? எதுனா எதுத்துப் பேசினான்னா, உங்கப்பன் மாதிரி சொல்பேச்சு கேக்காம சாவாதடான்னு சொல்லுவேன். சோத்துத் தட்ட வெச்சுகினு சொல்லுவேன். நேத்துகூட சொன்னேன். அதக் கேட்டுக் கேட்டு, அவன் அப்பா படத்துக்கு மாலகூட போட மாட்டான்."

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்" என்றார். "மூணு மணிக்கு கடல்லேர்ந்து போட்டு திரும்பும். அவன் வருவான். நான் சொன்னா நம்ப மாட்டான், இத்தினி நாள் மாத்திச் சொன்னவ. நீயே சொல்லு. அதுவரைக்கும் போவாத."

கோட்டைச் சுவர் நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிவேதிதாவுக்கான பலகையை அங்கேதான் எழுதினேன். தலைப்புக்கு, 'எண்ணெயும் தண்ணீரும் பிரிக்கும் தொட்டி'. அகராதிச் சொல்லை அடியில் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும், கற்றுக்கொள்பவர்களுக்கு உதவும். உடைந்தது, பிரிந்தது, தெளிந்தது மூன்றையும் அப்படியே வைத்தேன். ஐந்தாவது வரி மட்டும் இப்படி: 'சோதனைத்தாள் வெள்ளையாக இருந்தால் மட்டுமே மூடியைத் திறக்கவும். தாள் இல்லையென்றால் வேலை இல்லை. நாற்றம் திடீரென்று நின்றால் ஓடவும். உன் மூக்கு செத்துவிட்டது.' அதன் கீழே, இது எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்களுக்காக, தேசிங்கு என்ற பெயரும், ஆலை முறைப்படி நடந்தவர் என்ற வரியும். அதை அனுமதிக்காவிட்டால் பலகையை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று நிவேதிதாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் மணலில் ஓர் இளைஞன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தேசிங்குவின் நடை. கடல் இவனுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. கன்னியம்மா வாசலிலேயே அவனை நிறுத்தி என் பக்கம் கை காட்டினார். வலையை இறக்காமலே வந்து நின்றான்.

"யாரு நீங்க? அம்மா ஏன் அழுதுகினு கீறாங்க?"

நோட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன்.

"உங்கப்பா படிச்சுட்டுத்தான் தெறந்தாரு தம்பி" என்று ஆரம்பித்தேன்.